ஷபாத்தை வெள்ளிக்கிழமையே கட்டி முடிப்பது: யூத ஓய்வுநாளின் பொருளும் அனுசரிக்கும் முறையும்

யூத நாட்காட்டியில் ஒரு நாள் மாலையில்தான் தொடங்குகிறது. அதனால் ஏழாம் நாளான ஷபாத், வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே வீட்டுக்குள் வந்துவிடும். சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்த பிறகே விடைபெறும். மொத்தம் ஏறக்குறைய 25 மணி நேரம். இந்த நேரத்தில் அடுப்பு பற்றவைப்பதில்லை, சுவிட்சைத் தொடுவதில்லை, எழுதுவதில்லை, பணம் புழங்குவதில்லை, வண்டி ஏறுவதில்லை. ஆனாலும் வீட்டில் சூடான சாப்பாடு இருக்கும், வெளிச்சம் இருக்கும், விருந்தாளிகள் இருப்பார்கள், பாட்டும் இருக்கும். எல்லாமே வெள்ளி மாலைக்குள் செய்து வைக்கப்பட்டவை. "ஷபாத்துக்கு முந்தின நாள் பாடுபட்டவன் ஷபாத்தில் சாப்பிடுவான்" என்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். முதன்முதலாக அனுசரிப்பவர்கள் சனிக்கிழமை தடுமாறினால், காரணம் அநேகமாக வெள்ளிக்கிழமை மதியத்தில் இருக்கும்.

இங்கே சொல்லப்படுவது மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் நடைமுறை. கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழுவில் ஒரு தரப்பு, ஜெப ஆலயத்துக்குப் போய்வர மட்டும் கார் ஓட்டலாம் என்று 1950இல் அனுமதித்தது. சீர்திருத்தப் பிரிவினர் எதைக் கடைப்பிடிப்பது என்பதைப் பெரிதும் தனிமனிதரிடமே விடுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் வட்டத்துக்குள்ளேயும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி), செபார்டி (ஸ்பெயின் வழி) வழக்கங்கள் பல இடங்களில் பிரியும். சந்தேகம் வரும் இடத்தில் குடும்ப வழக்கமும் ஊர் ரப்பியின் (யூத மதகுருவின்) சொல்லுமே முடிவு.

எதற்காக ஓய்வு, எது வேலை

பத்துக் கட்டளைகள் தோராவில் (மோசேயின் ஐந்து நூல்களில்) இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஷபாத்தை "நினைவில் வை" என்று சொல்லி, ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் இறைவன் ஓய்ந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. உபாகமம் 5இல் "காத்துக்கொள்" என்று சொல்லி, "நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய்" என்பதை நினைவூட்டுகிறது. அடிமைக்கு விடுமுறை கிடையாது. அதனால்தான் அந்தக் கட்டளையில் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லோருக்கும் ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. ஷபாத் மேஜையில் இரண்டு மெழுகுவத்திகள் நிற்பது இந்த இரண்டு சொற்களுக்காக: ஸாகோர், ஷாமோர். நினை, காத்துக்கொள்.

தடை செய்யப்பட்ட வேலைக்கு எபிரேயத்தில் 'மெலாகா' என்று பெயர். உடல் களைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கனமான சோபாவை வீட்டுக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வியர்க்க வியர்க்க நகர்த்தினாலும் அது மெலாகா ஆகாது. ஒரு தீக்குச்சியை உரசினால் ஆகும். ஒன்றை உருவாக்குவது, மாற்றுவது, முழுமைப்படுத்துவது, இவற்றிலிருந்து கையை எடுத்துக்கொள்வதுதான் இந்த ஓய்வு. ஆறு நாள் உலகத்தைத் திருத்திக்கொண்டே இருந்த கை, ஏழாம் நாள் அதை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால், பின்னால் வரும் விதிகள் பாதிக்குமேல் தாமாகவே விளங்கும்.

மிஷ்னா (தல்மூதின் அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு) இந்த வேலைகளை "நாற்பதுக்கு ஒன்று குறைவு" என்று எண்ணுகிறது. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் (இஸ்ரவேலரின் நடமாடும் வழிபாட்டிடம்) கட்டத் தேவைப்பட்ட தொழில்கள் அவை. தோராவில் கூடாரம் கட்டும் கட்டளையை ஒட்டியே ஷபாத் கட்டளையும் வருவதால் இந்தத் தொடர்பு. உழவு, விதைப்பு முதல் மாவு பிசைந்து சுடுவதுவரை 11. கம்பளி கத்தரிப்பது முதல் நூற்று, நெய்து, தைத்து, கிழிப்பதுவரை 13. மிருகத்தைப் பிடித்து, அறுத்து, தோல் பதனிட்டு வெட்டுவதுவரை 7. பிறகு எழுதுதல், அழித்தல், கட்டுதல், இடித்தல், தீயை அணைத்தல், மூட்டுதல், கடைசிச் சுத்தியலடி (ஒரு பொருளை முடித்துத் தரும் கடைசி வேலை), ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சுமந்து போதல். மொத்தம் 39. மின்சாரம் இந்தப் பட்டியலில் இல்லை. பழைய குண்டு பல்பில் இழை பழுக்கக் காய்வதால் அது தீ மூட்டுவது. மற்ற கருவிகளில் மின்சுற்றை முழுமையாக்குவது 'கட்டுதல்' என்று ஒரு சாரார், வேறு காரணங்களால் தடை என்று மற்றவர்கள். எந்தக் காரணம் சொன்னாலும் நடைமுறை ஒன்றுதான்: சுவிட்சில் கை வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை: பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

முதலில் உங்கள் ஊரில் அன்று சூரியன் மறையும் நிமிடத்தைப் பாருங்கள். விளக்கு ஏற்றுவது பொதுவாக அதற்கு 18 நிமிடம் முன்பு. ஜெருசலேமில் 40 நிமிடம், ஹைஃபாவில் 30 நிமிடம். ஜெருசலேமில் அந்த நேரத்துக்குச் சங்கொலி எழுப்பி ஊருக்கே அறிவிப்பார்கள். டிசம்பரில் அங்கே 4 மணி வாக்கிலேயே விளக்கு ஏற்றியாக வேண்டும். ஜூனில் 7 மணியைத் தாண்டும். குளிர்காலத்தில் பலர் வழுக்குவது இங்கேதான். போன மாதத்து நேரம் மனதில் இருக்கும், சூரியன் காத்திருக்காது. ஆகவே சமையல் முடியும் நேரமாக, விளக்கு ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் குளியலுக்கும் உடை மாற்றத்துக்கும் மறந்துபோனவற்றுக்கும்.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம். ஹல்லா எனும் பின்னிய ரொட்டி ஒவ்வொரு பெரிய வேளைக்கும் இரண்டு முழுதாக வேண்டும். வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமை மன்னா எனும் வானத்து உணவு இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது. நான்கு நடுத்தர ரொட்டிகளுக்கு 1 கிலோ மைதா, 14 கிராம் உலர் ஈஸ்ட், 100 கிராம் சர்க்கரை, 18 கிராம் உப்பு, 3 முட்டை, 110 மில்லி எண்ணெய், 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, ரத்தப் பொட்டு இல்லை என்று பார்த்த பிறகே மாவில் சேருங்கள். பாலும் வெண்ணெயும் கூடாது. ஷபாத் சாப்பாட்டில் இறைச்சி இருக்கும், இறைச்சியும் பாலும் கலப்பது விலக்கு. பத்து நிமிடம் பிசைந்து, இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வைத்து, கயிறுகளாக உருட்டிப் பின்னி, மறுபடி 40 நிமிடம் விட்டு, முட்டை பூசி 180 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் வர வேண்டும். பின்னல் விரிந்து பிளந்தால், இரண்டாவது உப்பலுக்கு நேரம் போதவில்லை என்று பொருள்.

மாவின் அளவு கூடினால் இன்னொரு கடமை சேரும். சுமார் 1.2 கிலோவுக்குமேல் மாவு பிசைந்தால் ஒரு சிறு உருண்டையைப் பிரித்தெடுத்து எரித்துவிட வேண்டும், 1.67 கிலோவை எட்டினால் ஆசி வசனமும் சொல்ல வேண்டும். ஜெருசலேம் கோவில் இருந்த காலத்தில் ஆசாரியருக்குப் போன பங்கு அது; 'ஹல்லா' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இதை மறந்துவிட்டு ஷபாத் தொடங்கிவிட்டால் அன்று பிரிக்க முடியாது. இஸ்ரேலுக்கு வெளியே என்றால் ஒரு துண்டை மிச்சம் வைத்துச் சாப்பிட்டு, சனி இரவு பிரித்துக்கொள்ளலாம். இஸ்ரேலில் அந்த ரொட்டியைச் சாப்பிடவே முடியாது.

அடுத்தது சனிக்கிழமை மதியத்துக்கான சூடான குழம்பு. அஷ்கெனாசிகள் 'சோலென்ட்' என்பார்கள், செபார்டிகள் 'ஹமின்'. காய்ந்த பீன்ஸ் ஒரு கப், பார்லி அரை கப், உருளைக்கிழங்கு நான்கு, வெங்காயம் இரண்டு, எலும்போடு மாட்டிறைச்சி அரை கிலோ. பீன்ஸை முந்தின இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். சிவப்பு ராஜ்மாவாக இருந்தால் இதை விடவே கூடாது. அதிலுள்ள நச்சு மெதுவான சூட்டில் அழியாது. இரவெல்லாம் வெதுவெதுப்பில் கிடந்த ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, 3 அல்லது 4 சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வேகவைத்து, ஷபாத்துக்கு முன்பே சாப்பிடக்கூடிய பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் சிக்கனம் வேண்டாம். மறுநாள் காலை வற்றிப்போயிருந்தால் தண்ணீர் சேர்ப்பதும் அடுப்பின்மேல் கிளறுவதும் 'சமைத்தல்' ஆகிவிடும். கருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழி இல்லை.

இந்தப் பானை இரவெல்லாம் உட்காரும் இடத்துக்கு ஒரு ஏற்பாடு உண்டு. எரிவாயு அடுப்பில் தீயைச் சிறிதாக்கி, மேலே 'ப்ளெக்' என்ற தகரத் தகட்டைப் போட்டுத் தீயையும் திருகுகளையும் மறைத்துவிடுவார்கள். பழக்கத்தில் கை திருகுக்குப் போய்விடாமல் இருக்கத்தான் மறைப்பு. இஸ்ரேலில் 'ப்ளாட்டா' என்ற மின்சாரச் சூட்டுத்தட்டு பரவலாக இருக்கிறது. அதில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ திருகே இருக்காது. சூடு நிற்கட்டும் என்று பானையைத் துண்டால் சுற்றிப் போர்த்தாதீர்கள், அதற்குத் தனித் தடை இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆறிய சூப்பை ஷபாத்தில் இந்தத் தகட்டின்மேல் வைக்கவும் முடியாது.

சமையலறையை விட்டு வந்த பிறகு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் விளக்கு எரியுமா? பல்பைக் கழற்றுங்கள், அல்லது கதவோர சுவிட்சை டேப்பால் ஒட்டுங்கள், அல்லது ஷபாத் முறை உள்ள ஃபிரிட்ஜானால் அதில் மாற்றுங்கள். ஆண்டுக் கணக்கில் ஷபாத் அனுசரிப்பவர்களும் மறப்பது இது. மறந்தால் 25 மணி நேரம் பால், தயிர், சாலட் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் இருந்த மாதிரிதான். கழிப்பறை விளக்கைப் போட்டே வையுங்கள், காகிதத்துக்குப் பதில் தனித்தனி டிஷ்யூ வையுங்கள், ஏனென்றால் சுருளைக் கிழிப்பது தடை. சாப்பாட்டு அறை விளக்குக்கு டைமர் வைத்து இரவு எப்போது அணைய வேண்டும், மறுநாள் எப்போது எரிய வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். போத்தல் மூடிகள், பொட்டலங்கள் திறந்திருக்கட்டும். வெந்நீர்க் கலத்தில் தண்ணீர் முழுக்கக் கொதித்திருக்க வேண்டும். அலாரம் அணைந்ததா, போன் அலமாரிக்குள் போனதா, சட்டைப் பையில் சில்லறையோ பேனாவோ கிடக்கிறதா என்று பாருங்கள். பையைத் தடவிப் பார்ப்பது தல்மூதிலேயே சொல்லப்பட்ட வழக்கம்.

பொழுது இறங்கும்போது வீட்டுக்காரர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்கிறது மிஷ்னா: தசமபாகம் பிரித்தாயிற்றா, ஏருவ் (ஷபாத்தில் வீட்டுக்கு வெளியே பொருள் சுமக்க வழிசெய்யும் ஏற்பாடு) வைத்தாயிற்றா, விளக்கை ஏற்றுங்கள். அதோடு தல்மூத் ஒரு வார்த்தை சேர்க்கிறது: மென்மையாகச் சொல்ல வேண்டும். வெள்ளி மாலைப் பரபரப்பில் எத்தனை வீடுகளில் குரல் உயர்ந்திருந்தால் இதை எழுதி வைத்திருப்பார்கள்! இந்த ஒரு வார்த்தையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

விளக்கு

சாப்பிடும் இடத்திலேயே விளக்கு இருக்க வேண்டும். இருட்டில் தடுமாறாமல், வீட்டில் சமாதானத்தோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் அது. சாப்பாடு முடியும்வரை எரிய வேண்டும் என்பதால் நான்கு மணி நேரமாவது தாங்கும் மெழுகுவத்தி, அல்லது ஆலிவ் எண்ணெய்த் திரி. குறைந்தது இரண்டு, பிள்ளை பிறக்கப் பிறக்க ஒன்று கூட்டும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் வீட்டுப் பெண் ஏற்றுவார். தனியே வசிக்கும் ஆணுக்கும் கடமை அதே.

அஷ்கெனாசி முறையில் முதலில் தீயை ஏற்றி, கைகளை மூன்று முறை தன்பக்கம் வட்டமாக இழுத்து, கண்களை மூடிக்கொண்டு ஆசி சொல்வார்கள்: "பாரூக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம், அஷெர் கித்ஷானு பெமிட்ஸ்வோதாவ் வெட்ஸிவானு லெஹத்லீக் நேர் ஷெல் ஷபாத்." தம் கட்டளைகளால் எங்களைப் புனிதமாக்கி, ஷபாத் விளக்கை ஏற்றச் சொன்ன இறைவன் துதிக்கப்படுவாராக என்பது பொருள். ஆசி சொன்னதும் அவருக்கு ஷபாத் தொடங்கிவிடுகிறது, அதன்பின் தீ மூட்ட முடியாது. அதனால்தான் ஏற்றிவிட்டு ஆசி. கண்ணை மூடியிருப்பதால், திறக்கும்போதுதான் அந்த ஒளியை முதன்முதலாகப் பார்ப்பது போலாகிறது. செபார்டிகளில் பலர் ஆசி சொல்லிவிட்டு ஏற்றுகிறார்கள்.

தீக்குச்சியை ஊதி அணைக்காதீர்கள்; தட்டில் வைத்துவிட்டால் தானே அணையும். மெழுகுவத்தி பாதியில் அணைந்தால் அப்படியே விட வேண்டியதுதான். விளக்குத்தண்டையும் அது நிற்கும் தட்டையும் இனி நகர்த்த முடியாது. தொடக்கூடாத பொருளைத் தாங்கி நிற்பதால் மேஜைக்கும் அந்தத் தடை ஒட்டிக்கொள்ளும். ஆகவே விளக்கு ஏற்றும் முன்பே ஹல்லாவை மேஜைமேல் வைத்துவிடுங்கள். விளக்கைவிட முக்கியமான ஒன்றையும் மேஜை தாங்குவதால் அந்தச் சிக்கல் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: தாமதமாகி, சூரியன் மறைந்துவிட்டால் ஏற்றாதீர்கள். விளக்கில்லாத ஷபாத் வருத்தம்தான். ஷபாத்தை மீறி ஏற்றிய விளக்குக்குப் பொருளே இல்லை.

வெள்ளி இரவு மேஜை

ஜெப ஆலயத்தில் ஷபாத்தை வரவேற்கும் பாடல்கள் நடக்கும். 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரில் ஷ்லோமோ அல்காபெட்ஸ் எழுதிய 'லெகா தோதி' அவற்றில் முக்கியமானது. கடைசிச் சரணத்தில் எல்லோரும் வாசலை நோக்கித் திரும்பி, மணப்பெண்ணை வரவேற்பது போல் தலைவணங்குவார்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசி: மகன்களுக்கு எப்பிராயீம், மனாசே போல, மகள்களுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல.

பிறகு கித்தூஷ், அதாவது திராட்சை ரசத்தின்மேல் நாளைப் புனிதப்படுத்தும் சடங்கு. கிண்ணம் குறைந்தது 86 மில்லி கொள்ள வேண்டும். கண்டிப்பானவர்கள் 150 மில்லி என்பார்கள். திராட்சை ரசமோ புளிக்காத திராட்சைச் சாறோ விளிம்புவரை நிரப்பி, வலது கையில் ஏந்தி, ஆதியாகமம் 2இன் முதல் மூன்று வசனங்களையும், திராட்சைக்கான ஆசியையும், நாளைப் புனிதப்படுத்தும் ஆசியையும் சொல்லி, பாதிக்குமேல் குடிக்க வேண்டும். அதுவரை ஹல்லா துணியால் மூடியிருக்கும். ஆசிகளின் வரிசையில் ரொட்டிக்குத்தான் முதலிடம், இங்கே திராட்சை ரசம் முந்திக்கொள்கிறது. ரொட்டி அதைப் பார்த்து வெட்கப்படக்கூடாது என்று துணி. ரொட்டியின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்பவர், மேஜையைச் சுற்றியிருக்கும் மனிதர் மனத்தையும் பார்த்துக்கொள்வார் அல்லவா?

கை கழுவ இரண்டு கைப்பிடி உள்ள செம்பு. மோதிரத்தைக் கழற்றி, வலது கையில் இரண்டு முறை, இடது கையில் இரண்டு முறை மணிக்கட்டுவரை ஊற்றி (சிலர் மும்மூன்று முறை), ஆசி சொல்லித் துடைக்க வேண்டும். அதன்பின் ரொட்டி வாயில் படும்வரை பேச்சில்லை. இரண்டு ஹல்லாவையும் சேர்த்துப் பிடித்து ஆசி சொல்லி, ஒன்றை வெட்டி, உப்பில் தொட்டு எல்லோருக்கும் கொடுங்கள். மீன், சூப், இறைச்சி, இடையிடையே பாட்டு, கடைசியில் உணவுக்குப் பிந்தைய நன்றி ஜெபம்.

சனிக்கிழமை: கை எங்கே வழுக்கும்

காலையில் ஜெப ஆலயத்தில் அந்த வாரத் தோராப் பகுதியை ஏழு பேரை அழைத்து வாசிப்பார்கள். மதியம் இரண்டாம் விருந்து, பொழுது சாயும் முன் எளிமையாக மூன்றாம் வேளை. நடுவில் தூக்கம், படிப்பு, நடை, அரட்டை. திட்டமிட்டு எதையும் மீறுபவர்கள் குறைவு; பழக்கத்தில் போகும் கைதான் சிக்கல்.

தேநீரைப் பாருங்கள். கலத்துக் கொதிநீரை நேரடியாக இலைமேல் ஊற்றினால் இலை வேகிறது, அது சமைத்தல். ஆகவே உலர்ந்த ஒரு கோப்பையில் தண்ணீரைப் பிடித்து, அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றி, வெள்ளிக்கிழமையே வடித்து வைத்த கெட்டித் தேயிலைச் சாற்றை அதில் விடுவார்கள். பாத்திரம் மாற மாற, சமைக்கும் வலு குறைகிறது என்பது கணக்கு. முதல் கோப்பை ஏன் உலர்ந்திருக்க வேண்டும்? கழுவிய கோப்பையில் தங்கியிருக்கும் இரண்டு துளி பச்சைத் தண்ணீரும் கொதிநீர் பட்டு வெந்துவிடும். சுமார் 45 டிகிரியைத் தாண்டும் சூட்டிலிருந்தே இந்தக் கவலை தொடங்குகிறது. குழாயில் வெந்நீர்ப் பக்கத்தைத் திறக்காததற்கும் காரணம் இதுதான்: நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு செம்புக்கும் பதிலாகப் பச்சைத் தண்ணீர் கொதிகலனுக்குள் போய்ச் சூடாகிறது.

பொறுக்குவது இன்னொரு நுட்பமான இடம். கலந்து கிடப்பதிலிருந்து வேண்டாததை எடுத்தெறிவது மெலாகா. வேண்டியதை, கையால், உடனே சாப்பிடுவதற்காக எடுத்தால் அது சாப்பிடுவதன் பகுதி. மீன் முள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்காமல், சதையை முள்ளிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். சாலட்டைச் சாப்பாட்டுக்குச் சற்றுமுன், கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். பொடியாக அரிவது அரைப்பதன் வகை. திராட்சையைப் பிழிவது, ஈரப் பஞ்சைப் பிழிவது, நாடாவை இரட்டை முடிச்சுப் போடுவது, குடையை விரிப்பது (அது கூரை கட்டுவது போல) எல்லாம் தவிர்க்க வேண்டியவை. அன்றைக்கே மறுபடி தேவைப்படும் பாத்திரங்களை மட்டும் தண்ணீரில் கழுவலாம். இரவுக்கானவை அப்படியே கிடக்கட்டும்.

வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்க 'ஏருவ்' வேண்டும். கம்பங்களும் அவற்றின் தலைமேல் ஓடும் கம்பியும் சேர்ந்து, ஒரு பகுதி முழுவதையும் வாசல்களால் சூழ்ந்த ஒரே முற்றம் போலாக்கும் எல்லை அது. ஒவ்வொரு ஷபாத்துக்கு முன்பும் ஆள் போய்ச் சரிபார்ப்பார். காற்றில் கம்பி அறுந்திருந்தால் அந்த வாரம் ஏருவ் இல்லை: சாவி, கைக்குட்டை, குழந்தை வண்டி எதுவும் வெளியே போகாது. அதனால் வெள்ளி மதியமே ஊர் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஏருவ் இல்லாத இடத்தில் சாவியையே கொக்கியாகக் கொண்ட இடுப்புப் பட்டை அணிவார்கள். அப்போது அது சுமையல்ல, உடையின் பகுதி.

உயிர் என்று வந்தால்

இங்கே தயக்கத்துக்கு இடமே இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பிரசவ வலி, பெரிய காயம், கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல்: போனை எடுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள், வண்டியை ஓட்டுங்கள். ரப்பியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நிற்பதே தவறு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மக்கபேயர் காலத்தில், ஷபாத்தில் ஆயுதம் ஏந்த மறுத்து ஆயிரம் பேர்வரை குகைகளில் மடிந்தார்கள். அதன்பிறகே, தாக்கப்பட்டால் ஷபாத்திலும் போரிடுவது என்று மத்தத்தியாவும் அவரோடு இருந்தவர்களும் முடிவெடுத்தார்கள். "பல ஷபாத்துகளைக் காக்க, இந்த ஒரு ஷபாத்தை அவனுக்காக மீறு" என்பது தல்மூதின் தீர்ப்பு. ஆபத்தா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் இதே விதி. தினசரி மருந்து, இன்சுலின் போன்றவற்றை எப்படி எடுப்பது என்று மட்டும் மருத்துவரிடமும் ரப்பியிடமும் வார நாளிலேயே பேசி வையுங்கள்.

யூதரல்லாத விருந்தாளிக்கு

இந்த விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் செய்யும் ஒரு சிறு செயல் வீட்டாரை நாள் முழுக்கச் சங்கடப்படுத்தலாம். முதலிடம் கழிப்பறை விளக்குக்குத்தான்: வெளியே வரும்போது நல்ல பழக்கத்தில் அணைத்துவிடுவீர்கள், மறுநாள் இரவுவரை அந்த வீட்டுக்கு அங்கே இருட்டு. "போட்டுவிடுங்கள்" என்று உங்களிடம் கேட்கவும் அவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. எரிவது எரியட்டும். அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள். போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். பூவோ பரிசோ கொடுப்பதானால் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். வீட்டில் சமைத்த பண்டம் வேண்டாம். திராட்சை ரசம் கொண்டுபோவதானால் கோஷர் (யூத உணவு விதிப்படியானது) முத்திரையோடு 'மெவுஷால்' என்று, அதாவது காய்ச்சியது என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். அதை யார் ஊற்றினாலும் சிக்கல் இல்லை. கை கழுவிய பிறகு யாரும் பதில் பேசவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள், ரொட்டிக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஹவ்தாலா

சனி இரவு முடியும் நேரத்தை ஊர் அட்டவணை சொல்லும். சூரியன் மறைந்து 40 நிமிடத்துக்குமேல் என்று பலர், 72 நிமிடம் என்று சிலர். ஹவ்தாலா என்றால் பிரித்துக் காட்டுதல். ஒரு கிண்ணம் திராட்சை ரசம், கிராம்பு அல்லது பட்டை போட்ட வாசனைப் பெட்டி, இரண்டுக்குமேற்பட்ட திரிகள் பின்னிய மெழுகுவத்தி. ரசத்துக்கு ஆசி, வாசனைக்கு ஆசி, தீக்கு ஆசி, பிறகு புனிதத்தையும் சாதாரண நாளையும் பிரிப்பதற்கான ஆசி. ஷபாத்தில் மனிதனுக்கு வந்து சேர்ந்த கூடுதல் ஆன்மா இப்போது விலகுகிறது, மிச்சமிருக்கும் ஆன்மாவைத் தேற்றத்தான் வாசனை என்பார்கள். தீயின் ஆசியின்போது விரல்களை மடக்கி, நகத்தின்மேல் விழும் வெளிச்சத்தையும் உள்ளங்கையில் விழும் நிழலையும் பார்ப்பார்கள். தீயைப் பயன்படுத்தாமல் தீக்கு ஆசி சொல்லக்கூடாது. கிண்ணம் தட்டில் வழியும்படி நிரம்பியிருக்கும். கடைசியில் அந்த வழிந்த ரசத்தில் மெழுகுவத்தியைக் கவிழ்த்தால் சுர்ரென்று அணையும், அறையில் மெழுகும் கிராம்பும் கலந்த மணம் நிற்கும்.

அவசரமாக விளக்கோ அடுப்போ போட வேண்டுமென்றால், முதலில் "பாரூக் ஹமவ்தில் பேன் கோதெஷ் லெஹோல்" (புனிதத்தையும் சாதாரணத்தையும் பிரிப்பவர் துதிக்கப்படுவாராக) என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஆனால் ஹவ்தாலாவுக்கு முன் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை. சனி இரவு தவறினால் செவ்வாய் சூரியன் மறையும்வரை சொல்லலாம், அப்போது வாசனையும் தீயும் இல்லாமல்.

மேஜையைத் துடைத்து முடித்ததும், பேனா கைக்கு வந்துவிட்ட அந்த நேரத்திலேயே, இந்த வாரம் எது தீர்ந்தது, எது மறந்தது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: டிஷ்யூ போதவில்லை, டைமர் அரை மணி சீக்கிரம் அணைந்தது, குழம்புக்கு இன்னும் இரண்டு கப் தண்ணீர். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் முதலில் படிக்க வேண்டிய தாள் அது.